கைக்கு ஓர் ஆள்

அந்த ஆஸ்பத்திரியில் நிரந்தர நர்ஸ் வேலை கிடைக்க வேண்டுமானால் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். முதலில், ஏற்கெனவே நிரந்தரமாக இருக்கிற ஒருத்தி ரிடையர் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் போய்ச் சேர வேண்டும். அடுத்தது, வேலை கேட்கிறவளுக்கு ஒரு கை கிடைக்க வேண்டும். முதலாவதுக்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. வயதான சிஸ்டர்களைப் பார்க்கும்போது 'உடம்பு எப்படி இருக்கு' என்று தேவைக்கு மேல் அக்கறையாக விசாரிக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவதற்குத்தான் ஓடியாட வேண்டும்.

கை என்றால் உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் நிஜக் கை. முன்பு தேர்வுக்கு ஒரு ரப்பர் கை வைத்திருந்தார்கள். நரம்பு கண்டுபிடித்து, ஊசி ஏற்றி, குழாய் பொருத்திக் காட்ட வேண்டும். வருகிறவள் போகிறவளெல்லாம் குத்திக் குத்தி, அது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி போல ஆகிவிட்டது. புதிது வாங்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. கொஞ்ச காலம் வார்டில் படுத்திருந்த நோயாளிகளின் கையிலேயே தேர்வை நடத்திப் பார்த்தார்கள். ஒரு நோயாளியின் மகன்கள் வந்து நிர்வாக அதிகாரியின் சட்டைக் காலரைப் பிடித்ததோடு அந்த யோசனையும் போயிற்று. அதற்குப் பிறகு வந்த விதிதான் இது: தேர்வுக்கு வருகிறவள் தன் சொந்தச் செலவில், தன் சொந்த மனிதர் ஒருவரைக் கைக்குக் கூட்டி வர வேண்டும்.

ஆகவே அந்த ஊரில் நர்ஸுக்குப் படித்த பெண்கள் ஆண்களை முகம் பார்ப்பதற்கு முன்னால் முழங்கையைப் பார்ப்பார்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவனின் கையில் நரம்பு புடைத்திருந்தால், பாவம், அவன் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொள்வான். கல்யாணப் பேச்சில்கூட 'மாப்பிள்ளை கை எப்படி' என்று ஒரு கேள்வி உண்டு என்று வார்டில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் எல்லாரும் நிரந்தரமானவர்கள். தற்காலிகமாக இருக்கிறவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இந்தக் கதைக்கு உரியவளை ஆஸ்பத்திரி முழுக்க 'அண்ணி' என்றுதான் கூப்பிடும். அவளுடைய நாத்தனாரும் அதே வார்டில் வேலைக்குச் சேர்ந்து, அண்ணி அண்ணி என்று கூப்பிட, டாக்டர், ஆயா, வாட்ச்மேன் என்று எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். உறவு பெருகியதே தவிர வேலை நிரந்தரமாகவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் நாளைக்கு வாய் திறக்கக்கூடாது அல்லவா, அதற்காக. 'செத்துப் பிழைக்கிற வாரம்' என்று நர்ஸுகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அண்ணி எத்தனையோ தடவை செத்துப் பிழைத்து, இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தாள்.

வேறு இடம் போகலாமே என்று கேட்பது சுலபம். ஊரில் இருந்த இன்னும் இரண்டு தனியார் கிளினிக்கில் ஒன்று சம்பளத்தை வாய்வார்த்தையாகக் கொடுத்தது. மற்றதில் நோயாளியைப் பார்த்த கையோடு முதலாளி வீட்டுக் குழந்தையையும் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருந்த நர்ஸிங் பள்ளி வருஷம் தவறாமல் ஒரு கும்பலைப் படிக்கவைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒருத்தி முகத்தைச் சுளித்தால் அவள் இடத்துக்கு வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அண்ணிக்கு முப்பதும் கடந்து, வயது வரம்பு கழுத்துக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை மனு போட முடியாது. இந்தத் தடவை கிடைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் செத்துப் பிழைக்க வேண்டியதுதான். பிரசவ வார்டு சிஸ்டர் ரிடையர் ஆனதில் காலியானது ஒரே ஒரு இடம்.

கைக்கு அவளுக்குக் கவலை இருந்திருக்கக்கூடாது. புருஷன் லாரி டயர் கடையில் வேலை செய்கிறவன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறு கயிறாக ஓடும். கண்ணைக் கட்டிக்கொண்டு குத்தினாலும் ரத்தம் வரும். முன்பு இரண்டு தடவை அந்தக் கையோடுதான் தேர்வுக்குப் போனாள். முதல் தடவை அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். டயரோடு மல்லுக்கட்டுகிற மனிதன்! இரண்டாம் தடவை விழவில்லை; ஆனால் ஒரே ஒரு மார்க்கில் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. இந்தத் தடவைக்காக அவள் அவனை வீட்டிலேயே பழக்கி வைத்திருந்தாள். ஊசியைப் பார்த்தாலும் இப்போது சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பழக்கியது ஒருத்தி, அனுபவிக்கப் போவது இன்னொருத்தி என்று ஆயிற்று. நாத்தனாரை வீட்டில் பாப்பா என்பார்கள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிற பாப்பா. அவளும் மனு போட்டிருந்தாள். விளம்பரம் வந்த அன்றே மாமியார் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவியபடி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன் கை தங்கச்சிக்குத்தான். அவளுக்கு நிரந்தரமானாத்தான் நாலு பேர் பொண்ணு கேட்டு வருவாங்க. உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது யாரோ வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் என்கிற மாதிரி. அம்மா சொன்னா சரிதானே என்றான் கடைசியில். வயது வரம்பைப் பற்றி அவள் சொன்னாள். அதுக்கு நான் என்ன பண்றது என்றான். அவன் கெட்டவன் இல்லை. முதுகெலும்பை டயர் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிற ரகம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அந்த வீட்டில் கையும் வேறாயிற்று. அன்றைக்கு அண்ணிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரத்தோடேயே எல்லோர் துணியையும் துவைத்தாள்.

பிறகு அவள் கைக்கு அலைந்தாள். அண்டை வீட்டுக்காரருக்கு ஊசி என்றால் ஆகாது. ஆம்புலன்ஸ் டிரைவர் வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் மிஞ்சியது அவள் அப்பாதான். தூரத்து ஊரில் தனியாக இருந்தார். குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டி ரிடையர் ஆனவர். மெலிந்த கை, தொட்டால் நழுவி ஓடுகிற நரம்பு, போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி. கேட்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ மகள் பட்டாபிஷேகத்துக்கு அழைத்த மாதிரி குதித்தார். எந்தக் கை வேணும், ரெண்டையும் கொண்டு வரட்டுமா என்று போனில் கேட்டுச் சிரித்தார்.

எந்த பஸ், எந்த வாசல் என்று எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வார்டில் எத்தனை பேருக்கு 'ஊசி போடணும், நல்லாத் தண்ணி குடிங்க, அப்பதான் நரம்பு கிடைக்கும்' என்று ஓதியிருப்பாள்! ஊருக்குச் சொன்னவள் அப்பாவுக்குச் சொல்ல மறந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் அவராகவே போன் செய்தார். அவள் டியூட்டியில் இருந்தாள்; போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. பாப்பா எடுத்தாள். உங்கப்பா பேசினார், காலையில் கிளம்பி வருகிறாராம் என்று சாயங்காலம் அண்ணியிடம் சொன்னாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வு, பழைய எக்ஸ்ரே அறையில் நடந்தது. வெளியே தாழ்வாரத்தில் நீள பெஞ்சு. வெள்ளை உடுப்பில் ஒருத்தி, பக்கத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு கை; மறுபடி ஒருத்தி, ஒரு கை. புருஷன்கள், தம்பிகள், கல்யாணம் நிச்சயமான ஒரு பையன். அவன் கையைத்தான் எல்லாரும் பொறாமையோடு பார்த்தார்கள். பாப்பா தன் அண்ணனோடு கோடியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் அண்ணியைப் பார்த்ததும் லேசாகத் தலையாட்டினான், எங்கேயோ பார்த்த முகம் என்கிற மாதிரி. மனசில் அவள் சொன்ன வார்த்தை அச்சில் போடத் தக்கதல்ல.

பேர் கூப்பிட்டு உள்ளே விடுகிற வேலை வார்டு பியூனுடையது. அன்று அவர்தான் அங்கே நீதிபதி. முதலில் போனவளுடைய தம்பிக்கு உடம்பு சுட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கை சரியில்லை, அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று அவளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு அரை மணியில் வருகிறேன் என்று அவள் கெஞ்சினாள். நோய்க் கையோட வந்தவங்களுக்கு இடமில்லை என்பது விதி என்றார் பியூன். அவள் அழுதுகொண்டே போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்பா வந்து சேர்ந்தபோது அண்ணிக்கு முன்னால் ஒருத்திதான் பாக்கி. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், வெயில் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகக் கையை நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். கை ஜில்லென்று இருந்தது. நரம்பு இருந்த இடத்தில் வெறும் தோல். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

"எப்படிச் சாப்பிடுவேன்? உன் நாத்தனார்தான் சொன்னாளே, வெறும் வயித்துல வரணும், தண்ணிகூட கூடாதுன்னு. எனக்குத் தெரியாதா என்ன, சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கறப்ப அப்படித்தானே போவேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு சொட்டு இறங்கலை. மாத்திரை மட்டும் காலையில எச்சிலோட முழுங்கிட்டேன், அதை விடக்கூடாதே."

அண்ணி நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா அவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தன் அண்ணன் கையைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தாள். நர்ஸுக்குப் படித்தவள் அவள். சர்க்கரைக்காரருக்கு வெறும் வயிறும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பாடத்தின் முதல் அத்தியாயம். அவளுக்கு வேண்டியது நரம்பு வற்றுவது மட்டும்தானோ என்னவோ. வைக்கோல் எரிந்தால் போதும் என்று நெருப்பு வைக்கிறவள் வீடு எரியும் என்று யோசிப்பதில்லை.

அப்பா கொட்டாவி விட்டார். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. கர்சீப்பை எடுக்கப் போன விரல்கள் பையின் வாயைத் தேடித் தடுமாறின. அந்த பஸ் கண்டக்டர் ரொம்ப நல்லவர் என்றார். உடனே மறுபடி, அந்த பஸ் கண்டக்டர் ரொம்ப நல்லவர் என்றார். அவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குமேல் அண்ணிக்கு ஒரு அடையாளமும் தேவையில்லை. வார்டில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருந்தால் அடுத்த நொடி ஓடியிருப்பாள்.

அவள் உடுப்புப் பையில் மிட்டாய் இருந்தது. குழந்தைகள் வார்டுக்கு என்று எப்போதும் வைத்திருப்பாள். கை தானாகவே பைக்குள் போயிற்று. விரலில் காகிதம் சரசரத்தது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. பியூன் அவள் பேரைப் படித்தார். படித்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவருக்கு ஏதாவது உடம்பா?"

ஒரு மிட்டாய். வாயில் போட்டால் முடிந்தது. ஏன் போடுகிறாய் என்று பியூன் கேட்பார். ஏன் என்று சொன்னால் கை சரியில்லை என்பார். அழுதுகொண்டே போனவளின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இதெல்லாம் அண்ணியின் தலைக்குள் ஓடி முடிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போய்க் குழாயை ஏற்றிவிட்டால் அப்புறம் நரம்பே நம் கையில், குளுக்கோஸ் எந்த நேரமும் ஏற்றலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளே அதை நம்பினாள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

"ஒண்ணுமில்ல, வெயில்ல வந்தார்" என்றாள். பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது. அந்தக் கையால் அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

உள்ளே மூன்று பேர்: மேட்ரன், மயக்க மருந்து டாக்டர், நிர்வாக அதிகாரி. மேசைமேல் ஊசிகளும் பஞ்சும். பக்கத்தில் அவசர மருந்துத் தட்டு. இரண்டு தடவை குத்தலாம், மூன்றாவது கிடையாது. கையைக் கொடுக்கிறவர் முகம் சுளித்தால் அதற்கும் மார்க் குறையும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, நிர்வாக அதிகாரியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. கலகலப்பான மனுஷர் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும், அவரும் சிரித்தார்.

அண்ணி பட்டையைக் கட்டினாள். கையைத் தாழத் தொங்கவிட்டாள். உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றினாள், தட்டினாள். ஒன்றும் எழவில்லை. முதல் குத்து வறண்ட தோலுக்குள் போய் எதையும் தொடாமல் நின்றது. உள்ளேயே ஊசியைத் திருப்பித் துழாவினாள். வலித்திருக்கும், வார்டில் இதற்கு ஆண்களே அலறுவார்கள். வலிக்குதா பெரியவரே என்று டாக்டர் கேட்டார். வலியா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை என்றார் அப்பா. நாக்கு குழறியது. அவர் முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டியிருந்தது.

இரண்டாவது ஊசியை எடுத்தபோது அவர் தலை லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்கு மேலே, நூலாக ஒன்று ஓடியது தட்டுப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைச் சாய்த்தாள். ரத்தம் எட்டிப் பார்த்தது. குழாயைத் தள்ளினாள், பட்டையை அவிழ்த்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. சந்தோஷத்தில் வந்த நீர் என்பதை ஒளிக்க வழியில்லை.

மேட்ரன் மார்க்கைக் குறித்துக்கொண்டிருக்கும்போது அப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் பேசினார்கள். அறையில் இருந்த மற்றவர்கள் 'என்ன, என்ன' என்று எழுந்து நின்றபோது அண்ணி அவரைத் தரையில் கிடத்தி, தலையைத் திருப்பி, தட்டிலிருந்த குளுக்கோஸை உடைத்து, தான் அப்போதுதான் பொருத்திய குழாய் வழியாக ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். சர்க்கரை இறங்கியிருக்கு என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே பாதி உள்ளே போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து, நான் ஊசியைக் கெடுத்துட்டேனா என்று கேட்டார். டாக்டர் அவள் முதுகில் தட்டினார். எப்படிம்மா பார்த்தவுடனே கண்டுபிடிச்சே என்றார். இப்படிப்பட்ட நர்ஸைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றாள் மேட்ரன். கையிலேயே உயிர் இருக்கு இவளுக்கு என்று நிர்வாக அதிகாரி பியூனிடம் சொன்னதைத் தாழ்வாரமே கேட்டது.

பாப்பாவும் அன்று ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை மட்டும் அண்ணிக்குப் போயிற்று. பாப்பா குழி வெட்டிப் போட்ட மண்ணில் அண்ணி ஏறி நின்று உயர்ந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிக்கலாம், அந்த வீட்டில் நாம் குடியிருக்காத பட்சத்தில்.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம், துணி காய்கிற மொட்டைமாடியில், அண்ணி நாத்தனாரைப் பிடித்து நிறுத்தினாள். என் அப்பாவைக் கொல்லப் பார்த்தாயே, உன் அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் சொல்லட்டுமா என்று கேட்டாள். பாப்பா துணிக்கு கிளிப் மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொல்லுங்க அண்ணி. நான் போன்ல சொன்னேன். நீங்க நேர்ல பாத்தீங்க. வேர்வையைப் பாத்தீங்க, கொட்டாவியைப் பாத்தீங்க. பாத்துட்டுத்தானே உள்ள கூட்டிட்டுப் போனீங்க? நான் அதே பெஞ்சுலதான உக்காந்திருந்தேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? இரண்டு பேரும் ஒரு போர்வையை ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து மடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்களைப் போல ஒற்றுமையான நாத்தனாரும் அண்ணியும் கிடையாது என்று மாமியார் எல்லாரிடமும் சொன்னாள்.

நிரந்தரம் என்பது நல்ல சுகம்தான். மாமியார் முதல் தட்டை அவளுக்கு வைத்தாள். புருஷன் சாயங்காலம் வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். செத்துப் பிழைக்கிற வாரம் வந்தபோது மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவள் மட்டும் வேலைக்குப் போனாள். அந்த முதல் நாள் காலை வார்டில் காலடி வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் உடுப்புப் பையில் மிட்டாய் வைப்பதை விட்டுவிட்டாள். குழந்தைகள் கேட்டால் தீர்ந்துபோச்சு என்றாள்.

வருஷம் திரும்புவதற்குள் இன்னொரு இடம் காலியானது. எலும்பு வார்டு சிஸ்டர் மகனோடு வெளிநாடு போனாள். பாப்பா மனு போட்டாள். இந்தத் தடவை அண்ணன் கையைக் கொடுக்க மறுத்துவிட்டான். போன தடவை அவள் குத்திய இடம் வீங்கி, ஒரு வாரம் டயர் தூக்க முடியாமல் முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருந்தான். மாமியார் அதற்கெல்லாம் அசரவில்லை. சம்பந்தி கைதான் ராசியான கை, போன தடவை அதுதானே வேலை வாங்கிக் கொடுத்தது, இந்தத் தடவை பாப்பாவுக்குக் கொடுக்கட்டும் என்றாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றுகிறவள் அவள். அண்ணி வாயைத் திறக்கப் போனாள். பாப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

போனில் சொல்லாமல் நேரிலேயே போனாள். அப்பா இன்னும் மெலிந்திருந்தார். மகள் வேலை உத்தரவின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, என் கையாலதான் கிடைச்சது என்று சட்டையை மடித்துக் காட்டுவார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அண்ணி விஷயத்தைச் சொன்னாள். வேண்டாம்ப்பா, உடம்பு முடியலைன்னு சொல்லிடுங்க, நான் பார்த்துக்கறேன் என்றாள். அவர் மறுத்துத் தலையாட்டினார். சம்பந்தி வீட்டில் கேட்டு இல்லையென்றால் உனக்குத்தான் கஷ்டம் என்றார்.

அவள் விடவில்லை. பாப்பா உங்களுக்குச் செய்ததை மறந்துட்டீங்களா, வெறும் வயித்துல வரச் சொன்னது சும்மா இல்லை, தெரிஞ்சே சொன்னா என்று, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அப்பா ஆச்சரியப்படவில்லை. பம்பில் தண்ணீர் ஏறுகிறதா என்று காதால் கேட்டே பழகியவர். அப்படித்தான் தலையைச் சாய்த்து இதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா. இன்னொண்ணும் தெரியும். தலை சுத்தினாலும் கண்ணு தெரிஞ்சுது. உன் கை பைக்குள்ள போச்சு. மிட்டாய்த் தாள் சத்தம் கேட்டுச்சு. இப்பத் தருவே, இப்பத் தருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வெறுங்கையா வந்துச்சு."

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா, என்றாள். அவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவர் சாதாரணமாக, பஸ் நேரத்தை விசாரிக்கிற குரலில்தான் பேசினார்.

"நல்லதுதான் பண்ணினே. நிரந்தரம் ஆச்சு இல்ல? அவளுக்கும் கொடுத்துட்டுப் போறேன், விடு. அவ என்ன நான் பெத்ததா? அவ குத்தினா கையில மட்டுந்தான் வலிக்கும்."

பிறகு எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று கேட்டார். அவள் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு வரவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் ஒரு நல்ல நோயாளி போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டார்.